சொல்பவருக்கு வரவு, கேட்பவருக்குச் செலவு: இன்ஃப்ளூயன்சர்களைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

சமூக ஊடகத்தில் பலர் பின்தொடர்கிற, தன் பேச்சாலும் படங்களாலும் அவர்களை ஒரு பொருளை வாங்கவோ ஒரு காரியத்தில் இறங்கவோ வைக்கக்கூடிய ஒருவரை இன்ஃப்ளூயன்சர் என்கிறோம். சமையல் சொல்லித் தருபவர், ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் காட்டுபவர், பைக் ஓட்டுபவர், பங்குச்சந்தை பேசுபவர், முகத்தில் க்ரீம் பூசிக் காட்டுபவர், தன் குழந்தை தத்தித் தத்தி நடப்பதைப் பதிவிடுபவர் என்று எல்லோரும் இதில் அடக்கம். பத்து லட்சம் பேர் பின்தொடர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐயாயிரம் பேர் பார்க்கும் ஒரு யூடியூபர் சொன்னதைக் கேட்டு ஐம்பது பேர் ஒரு திட்டத்தில் பணம் போட்டால் அவரும் இன்ஃப்ளூயன்சர்தான்.

இவர்களால் நன்மை இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்தபடியே தையல் கற்றுக்கொண்ட பெண்களும், கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணமில்லாமல் யூடியூப் பார்த்துப் படித்துத் தேர்வு எழுதியவர்களும் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். ஆனால் தீமை என்று பார்த்தால் அது பல முகங்களோடு வந்தாலும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. பேசுகிறவருக்குப் பேசியவுடன் வருமானம் வந்துவிடுகிறது. அவர் பேச்சை நம்பியதால் வரும் நஷ்டம் முழுவதும் கேட்டவருடையதாகிவிடுகிறது. அந்த நஷ்டத்தில் ஒரு பைசாகூட அவரைத் தொடுவதில்லை.

வருமானம் எங்கிருந்து வருகிறது

யூடியூபில் ஒரு வீடியோவுக்கு நடுவே ஓடும் விளம்பரங்களில் கிடைக்கும் வருவாயில் 55 சதவீதத்தை அந்த நிறுவனம் சேனல் நடத்துபவருக்குத் தருகிறது. ஷார்ட்ஸ் எனப்படும் குறு வீடியோக்களுக்கு இது 45 சதவீதம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் பெரும்பாலானவர்களுக்கு இது வீட்டு வாடகைக்குக்கூடப் போதாது. உண்மையான வருமானம் வேறு வழிகளில் வருகிறது. ஒரு நிறுவனம் இவ்வளவு தொகை என்று பேசி ஒரு வீடியோ போடச் சொல்கிறது. ஹோட்டல் என்றால் இலவசச் சாப்பாடும் கவரும் கிடைக்கின்றன. வீடியோவுக்குக் கீழே இருக்கும் இணைப்பைத் தட்டி நீங்கள் பொருள் வாங்கினால் அதில் ஒரு கமிஷன் போகிறது. கூட்டம் சேர்ந்த பிறகு அவரே ஒரு பயிற்சி வகுப்பையோ தன் பெயரில் ஒரு சோப்பையோ விற்கத் தொடங்குகிறார்.

இதில் எதுவும் குற்றமல்ல. விளம்பரம் செய்து பிழைப்பது பழைய தொழில்தான். சிக்கல், விளம்பரம் விளம்பரமாகத் தெரியாமல் போவதில் தொடங்குகிறது. மளிகைக் கடைக்காரர் ஒரு எண்ணெயைப் புகழ்ந்தால், அவர் விற்பவர் என்பது நமக்குத் தெரியும். அந்தப் புகழ்ச்சியில் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்போம். அதே எண்ணெயை, தினமும் காலையில் நாம் பார்க்கும் ஒரு பெண் தன் அடுப்படியில் நின்று, தன் மாமியாரோடு பேசிச் சிரித்துக்கொண்டே ஊற்றினால் அந்தக் கழித்தல் நடப்பதில்லை.

ஏன் நடப்பதில்லை என்பதற்கு 1956ஆம் ஆண்டிலேயே ஒரு விளக்கம் எழுதப்பட்டுவிட்டது. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் நேராக நம்மைப் பார்த்துப் பேசும் தொகுப்பாளர்களோடு பார்வையாளர்களுக்கு ஒருவிதமான ஒருதலை நட்பு உண்டாகிறது என்று எழுதினார்கள். பார்ப்பவருக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியும். அவருக்குப் பார்ப்பவரைத் தெரியாது. ஆனாலும் மனம் அதை நட்பாகவே எண்ணிக்கொள்கிறது. அன்று அது கூடத்தில் இருந்த ஒரு பெட்டிக்குள் வாரத்தில் சில மணி நேரம் நடந்தது. இன்று படுக்கையில், பேருந்தில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நாள் முழுவதும் நடக்கிறது. அந்த முகம் நம்மை ‘மக்களே’, ‘சகோ’ என்று அழைக்கிறது; நம் கமெண்டுக்கு ஒரு இதயக் குறியும் போடுகிறது. நட்பில் சொல்லப்பட்டதை நாம் விசாரித்துப் பார்ப்பதில்லை. விற்கப்படுவது அந்த நம்பிக்கைதான்.

பணத்தில் கை வைக்கும்போது

தீமையை ரூபாய்க் கணக்கில் பார்க்க முடிகிற இடம் பங்குச்சந்தை. அதனால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சில் இந்தியாவில் பங்கு வாங்கி விற்பதற்கான டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி இருந்தன. 2024 மார்ச்சில் அது 15 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பலர் இளைஞர்கள். வீட்டில் யாருக்கும் சந்தை பழக்கமில்லாதவர்களும் ஏராளம். அவர்களுக்கு வழிகாட்டியாகக் கிடைத்தது செல்போன் திரை.

அந்த வழிகாட்டி வீடியோக்களில் பலவற்றுக்கு ஓர் அமைப்பு உண்டு. முதல் சில விநாடிகளில் பச்சை நிறத்தில் ஒரு லாபத் தொகை. அடுத்து ஒரு கார், அல்லது கடற்கரையில் மடிக்கணினி. ‘நானும் உங்களைப் போல் பத்தாயிரம் சம்பளக்காரன்தான்’ என்று ஒரு பழங்கதை. ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகள் போட்டு, இங்கே வாங்கி இங்கே விற்றிருந்தால் இவ்வளவு என்று காட்டுவார். அந்த வரைபடம் முடிந்துபோன நாளுடையது. கடைசியில் இலவச டெலிகிராம் குழுவுக்கு அழைப்பு. குழுவில் சேர்ந்தவர்களுக்குச் சில நாட்கள் சில ‘டிப்ஸ்’. பிறகு கட்டண வகுப்பு, அதற்குப் பிறகு இன்னும் அதிகக் கட்டணத்தில் ஒரு சிறப்பு வகுப்பு. நஷ்டப்பட்ட நாளின் சிவப்புத் தொகையை அந்தச் சேனலில் தேடினாலும் கிடைக்காது.

இந்தத் திரையை விலக்கிக் காட்டிய ஒரு வழக்கு உண்டு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, 2023 அக்டோபரில் ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் இயங்கிய ஒருவர்மீது இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. பங்குகளை வாங்கு, விற்று விடு என்று ஆலோசனை சொல்ல அவர் செபியிடம் பதிவு செய்திருக்கவில்லை. வகுப்பு என்ற பெயரில் ஆலோசனை விற்கப்பட்டதாகச் செபி கூறியது. அந்த வழியில் திரண்டதாகக் கணக்கிட்ட 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க உத்தரவிட்டது. அந்த உத்தரவில் என்னை உலுக்கிய விவரம் வேறொன்று. நிச்சய லாபம் என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அவர், 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலைவரை தன் சொந்த வர்த்தகத்தில் நிகரமாக 2.89 கோடி ரூபாய் நஷ்டம் அடைந்திருந்தார். சந்தையில் இழந்தவர், சந்தையில் ஜெயிப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்துக் கோடிகள் திரட்டியிருக்கிறார். கட்டணம் கட்டியவர்களுக்கு இது தெரிய வழியே இருக்கவில்லை.

கற்றுக்கொண்டவர்கள் நிலை என்ன? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் (பங்கு விலை பின்னாளில் ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் கட்டும் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமே கண்டார்கள். தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தமாகச் சேர்த்தால் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும் காரணம் இன்ஃப்ளூயன்சர்கள்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நூற்றில் தொண்ணூற்று மூன்று பேர் தோற்கும் ஓர் ஆட்டத்தை, மாதச் சம்பளத்துக்கு மாற்றாகத் தினமும் காட்டிக்கொண்டிருந்தவர்கள் யார் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இதைவிடக் கொடியது, வீடியோவை வைத்தே ஒரு பங்கின் விலையை ஏற்றிவிட்டு நழுவுவது. சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தின் பங்கில் 2022இல் அது நடந்தது. ‘மணிவைஸ்’, ‘தி அட்வைசர்’ என்ற இரு யூடியூப் சேனல்களில், அந்த நிறுவனத்தை அதானி குழுமம் வாங்கப்போகிறது, பக்திப் படங்கள் எடுக்க ஓர் அமெரிக்க நிறுவனம் 1,100 கோடி ரூபாய் தருகிறது என்றெல்லாம் பொய்ச் செய்திகள் வந்தன. லட்சக்கணக்கானோர் பார்க்கும்படி விளம்பரப் பணம் கொட்டப்பட்டது. விலை ஏறியது. அந்தப் பங்கை வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343ஆக உயர்ந்தது என்று செபியின் உத்தரவு சொல்கிறது. அதே நேரத்தில், விஷயம் தெரிந்தவர்கள் ஏறிய விலையில் விற்று வெளியேறினார்கள். 2025 மே மாதம் செபி இறுதி உத்தரவிட்டு, முறைகேடாகச் சம்பாதித்த சுமார் 58 கோடி ரூபாயைத் திருப்பிச் செலுத்தச் சொன்னது. பணம் போட்டு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது.

சூதாட்டச் செயலிகளுக்கு வந்த விளம்பரங்களும் இதே ரகம். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து தற்கொலைகள் நடந்த பிறகுதான் தமிழ்நாடு அரசு 2022இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய பிறகு 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அவற்றுக்கு விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, 50 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. முன்பு ‘பொறுப்புடன் விளையாடுங்கள்’ என்ற ஒற்றை வரியை வேகமாக ஓட்டிவிட்டுக் கடந்துபோன பிரபலங்களுக்கு இது பெரிய மாற்றம்.

உடம்பில் கை வைக்கும்போது

பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். உடல் அப்படியல்ல.

ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்ற இளம்பெண், தனக்கு மூளையில் புற்றுநோய் வந்ததாகவும், உணவாலும் இயற்கை முறைகளாலும் தான் அதைச் சமாளித்து வருவதாகவும் இணையத்தில் எழுதி வந்தார். ஒரு செயலி வெளிவந்தது, ஒரு சமையல் புத்தகம் வெளிவந்தது. அவருக்குப் புற்றுநோயே இருந்ததில்லை என்பது 2015இல் அம்பலமானது. 2017இல் நீதிமன்றம் அவருக்கு 4,10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உண்மையாகவே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தவர்களும் அவரைப் பின்தொடர்ந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

இவ்வளவு அப்பட்டமாகப் பொய் சொல்பவர்கள் குறைவு. பரவலாக இருப்பது அரை உண்மை. முழு உடல் ஸ்கேன், குடல் நுண்ணுயிர்ச் சோதனை போன்றவற்றை ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் எடுக்கச் சொல்லும் பதிவுகள் பெருகிவிட்டன. இப்படிப்பட்ட ஐந்து சோதனைகள் குறித்து இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் வந்த ஏறத்தாழ ஆயிரம் பதிவுகளை ஆராய்ந்து 2025இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியானது. பெரும்பாலான பதிவுகள் பலனை மட்டுமே பேசின; தேவையில்லாத சோதனையால் வரும் பாதிப்பைச் சொன்னவை சுமார் 15 சதவீதம்தான். பதிவிட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சோதனையால் பண ஆதாயம் இருந்தது.

நம் பக்கத்து மாநிலத்திலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவர்கள், சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோய் திடீரென அதிகரிப்பதைக் கவனித்தார்கள். விசாரித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசி வந்தது தெரிந்தது. பிரச்சினை அந்த க்ரீம்களில் இருந்த பாதரசம். அந்த நோயாளிகளுக்கு க்ரீமைப் பரிந்துரைத்தவர் யார் என்பது அந்த ஆய்வில் இல்லை. ஆனால் ‘ஏழே நாளில் நிறம் மாறும்’ என்று, தயாரிப்பு உரிமம்கூட அச்சிடப்படாத டப்பாக்களைக் காட்டும் ரீல்ஸ்களை நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது அதைக் காட்டுபவருக்கும் தெரியாது என்பதுதான் என் அச்சம்.

உடல் தோற்றம் பற்றிய மனவருத்தம் இதோடு ஒட்டிப் பிறந்தது. உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திக்கொண்டிருந்த பதின்பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்கியதாகச் சொன்னார்கள். இது இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனமே உள்ளுக்குள் நடத்திய ஆய்வு. 2021இல் வெளியே கசிந்தது. ஆய்வைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நிறுவனம் மறுத்தது. ஃபில்டர் போட்டு மெருகேற்றிய முகத்தை விளம்பரத்தில் காட்டினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று நார்வே 2021இலும் பிரான்ஸ் 2023இலும் சட்டம் கொண்டுவந்தன. அழகுக்கான அறுவைச் சிகிச்சையை இன்ஃப்ளூயன்சர்கள் விளம்பரப்படுத்துவதையே பிரான்ஸ் தடை செய்துவிட்டது. நமக்கும் அது வேண்டும்.

பார்த்துச் செய்பவர்கள், படமாக்கப்படுபவர்கள்

பொருள் எதையும் விற்காமலேயே தீங்கு செய்யலாம். பைக் வீடியோக்களால் புகழ்பெற்ற டிடிஎஃப் வாசன், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விபத்துக்குள்ளாகி, கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. உடம்பு முழுக்கக் கவச உடை அணிந்திருந்ததால் அவர் உயிர் பிழைத்தார். அதைப் பார்த்து அரைக்கை சட்டையும் ரப்பர் செருப்புமாக அப்பாவின் வண்டியை எடுக்கும் பிளஸ் டூ மாணவனுக்கு அந்தக் கவசம் கிடையாது.

குழந்தைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. இந்தியாவில் குழந்தை நட்சத்திரங்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அவர்கள் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர்கள் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் அதைச் சோதிக்க முடியும். பெற்றோரே கேமராவைப் பிடித்துக்கொண்டு, அழுகிற குழந்தையை இன்னொரு தடவை அழச் சொல்லும் வீட்டுக்குள் யார் போய்ச் சோதிப்பது? பிரான்ஸ் 2020இலும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2023இலும், குடும்ப வீடியோக்களில் குழந்தை சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அதற்குரிய பங்கை அதன் பெயரில் பாதுகாக்கச் சட்டம் செய்திருக்கின்றன.

நம் சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் விதிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அவை தெரியாது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தங்கும் அறை, பயணம், பரிசு என எது வாங்கிக்கொண்டு பேசினாலும் அதைச் சொல்லியாக வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் வர வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். நேரலை என்றால் முழு நேரமும் திரையில் தெரிய வேண்டும். எந்த மொழியில் பொருளைப் புகழ்கிறாரோ அதே மொழியில் அந்த அறிவிப்பும் இருக்க வேண்டும். மீறினால் முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை அபராதம், தொடர்ந்தால் 50 லட்சம்வரை. பொருள்களைப் பரிந்துரைக்கவே முதல் முறை ஓராண்டுவரையும், தொடர்ந்தால் மூன்றாண்டுவரையும் தடை விதிக்கலாம்.

இப்போது நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் ஒரு தமிழ் வீடியோவைத் திறந்து பாருங்கள். பத்து நிமிடம் தமிழில் புகழ்ந்துவிட்டு, ‘மேலும்’ என்ற பொத்தானை அழுத்தினால் மட்டும் தெரிகிற இடத்தில், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒரு சொல் ஒளிந்திருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்கு அது எதைச் சொல்லும்? ‘இது விளம்பரம்’ என்று வீடியோவின் தொடக்கத்திலேயே தமிழில் சொல்ல இரண்டு விநாடி போதும். சொல்லாமல் இருப்பது மறதியால் அல்ல. சொன்னால் விற்பனை குறையும் என்பதால்.

பங்குச்சந்தையில் விதி இன்னும் இறுகியிருக்கிறது. செபியிடம் பதிவு பெற்ற தரகு நிறுவனங்கள், பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவர்களோடு பணத் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024இல் தடை வந்தது. கல்வி மட்டுமே தருகிறேன் என்பவர், கடந்த மூன்று மாதத்துக்குள் நிலவிய பங்கு விலைகளை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் சொல்லப்பட்டது. முந்தைய நாள் விலையைக் காட்டிக்கொண்டே ‘இது பாடம்தான், பரிந்துரை அல்ல’ என்று தப்பிக்கும் வழி அதோடு அடைபட்டது.

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு வீடியோ உங்களை எதையாவது வாங்கவோ, பணம் போடவோ, விழுங்கவோ, பூசவோ சொன்னால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இதைச் சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது, இது தவறாகப் போனால் அவருக்கு என்ன போகும். இரண்டாவதற்குப் பதில் ‘ஒன்றுமில்லை’ என்றால் ஒரு நாள் பொறுத்திருங்கள். ‘இன்று இரவோடு சலுகை முடிகிறது’ என்று அவர் அவசரப்படுத்துவது, அந்த ஒரு நாளை உங்களுக்குத் தரக்கூடாது என்பதற்காகத்தான்.

ஏமாற்று விளம்பரம் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பங்குச்சந்தை ஆலோசகர் என்றால் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகருக்கு அது ஐஎன்ஏ என்றும், ஆய்வு அறிக்கை தருபவருக்கு ஐஎன்எச் என்றும் தொடங்கும். எண்ணைச் சொன்னதும் நம்பிவிட வேண்டாம். வேறு யாரோ ஒருவரின் எண்ணைப் போட்டுக்கொள்ளும் மோசடியும் நடக்கிறது. செபியின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுத் தேடி, அங்கே வரும் பெயரும் உங்களிடம் பணம் கேட்பவரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு பேச்சைத் தொடருங்கள்.